பச்சை விளக்கு எரிந்தால் சார்ஜ் முடிந்ததா? ஒரு மின்சார டிராக்டரும் நாலு வகை சார்ஜரும்

மின்சாரத் தோட்ட டிராக்டருக்கு எந்த சார்ஜர் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் வரும் முதல் பதில் ஒரு எண்ணாகத்தான் இருக்கும். "36 வோல்ட், 25 ஆம்பியர் வாங்குங்க, போதும்." நானும் இந்தப் பதிலைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அதை நம்பி ஆறு பேட்டரிகளை வீணாக்கிய பிறகுதான் அந்தப் பதிலில் என்ன குறை என்று புரிந்தது. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றிய விமர்சனம். அதைச் சொல்லித் திரிந்த என்னையும் சேர்த்துத்தான்.

முதலில் வண்டி. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1969 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் ஷெனெக்டடி ஊரிலிருந்து 'எலெக்-ட்ராக்' என்ற பெயரில் மின்சாரத் தோட்ட டிராக்டர்களை விற்க ஆரம்பித்தது. எழுபதுகளின் நடுவிலேயே அந்தத் தொழிலை விட்டுவிட்டது. இ-15, இ-20 போன்ற பெரிய மாடல்களில் ஆறு 6 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைந்து 36 வோல்ட் தரும். கோல்ஃப் வண்டியில் போடுகிற அதே பேட்டரிதான். புல் வெட்டும் பகுதியில் ஒவ்வொரு பிளேடுக்கும் தனித்தனி மோட்டார் உண்டு. 36 வோல்ட்டிலேயே ஓடுகிற துணைக்கருவிகளும் விற்றார்கள். ஐம்பது வருடம் தாண்டியும் அமெரிக்காவில் பலர் இவற்றை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரும்பும் மோட்டாரும் அவ்வளவு கெட்டி. மாறிக்கொண்டே இருப்பது இரண்டு விஷயம்தான்: பேட்டரி, சார்ஜர்.

இந்தப் பேட்டரி நம் ஊர் இன்வெர்ட்டர் பேட்டரியின் உறவுக்காரன். ஈயத் தட்டு, ஆசிட், அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர். ஒரு பேட்டரிக்குள் மூன்று செல். ஆறு பேட்டரியில் 18 செல். கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் இந்த 18-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"36 வோல்ட்" என்பது ஒரு பெயர்

பெட்டியின் மேல் 36 வோல்ட் என்று போட்டிருந்தால், அந்த சார்ஜர் 36 வோல்ட் தருகிறது என்று அர்த்தமில்லை. முழு சார்ஜில் சும்மா நிற்கும் பேட்டரித் தொகுப்பே 38.2 வோல்ட் காட்டும். அதற்குள் மின்சாரத்தைத் தள்ள வேண்டுமானால் இன்னும் மேலே போயாக வேண்டும். ஆசிட் ஊற்றும் வகைக்கு ஒரு செல்லுக்கு 2.4 முதல் 2.45 வோல்ட் வரை தேவை. 18 செல்லுக்குக் கணக்குப் போட்டால் 43.2-லிருந்து 44.1.

இதே "36 வோல்ட்" பெயரில் மின்சார சைக்கிளின் லித்தியம் பேட்டரிக்கு விற்கிற சார்ஜர் 42 வோல்ட்டில் நின்றுவிடும், அதில் பத்து செல்தான் என்பதால். பன்னிரண்டு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் தொகுப்புக்கான சார்ஜர் 43.8-க்குப் போகும். ஜெல் பேட்டரிக்கு அமைத்த ஈய-அமில சார்ஜர் 42.3 பக்கத்தில் நிற்கும். நாலுமே கடையில் ஒரே அலமாரியில், ஒரே எண்ணோடு இருக்கும். விலையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நாம் எதை எடுப்போம்? ஆம்பியர் அதிகமாக இருப்பதைத்தான்.

ஆம்பியர் மோகம்

கோல்ஃப் வண்டிகளில் பரவலாகப் போடுகிற டிரோஜன் டி-105 பேட்டரியின் கொள்ளளவு, இருபது மணிநேரக் கணக்கில், 225 ஆம்பியர்-மணி. அதில் பத்திலிருந்து பதின்மூன்று சதவீதம் வரை சார்ஜ் மின்னோட்டம் இருக்கலாம் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. அப்படியானால் 22 முதல் 29 ஆம்பியர். "25 ஆம்பியர் வாங்குங்க" என்ற பதில் இங்கிருந்துதான் வருகிறது. கணக்கு சரி. ஆனால் அது கேள்வியின் சின்னப் பாதிக்குத்தான் பதில்.

பேட்டரி பாதி இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்ப வேண்டியது சுமார் 112 ஆம்பியர்-மணி. எண்பது சதவீதம் நிரம்புகிற வரை பேட்டரி கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொள்ளும். அந்த 67 ஆம்பியர்-மணியை 25 ஆம்பியர் சார்ஜர் இரண்டே முக்கால் மணிநேரத்தில் ஏற்றிவிடும். அதற்குப் பிறகுதான் சங்கதி. கடைசி இருபது சதவீதத்தில் பேட்டரி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வோல்ட் மேலே போய் நிற்கும், ஆம்பியர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இதற்கு மூன்று, நாலு மணிநேரம் ஆகும். 40 ஆம்பியர் சார்ஜர் போட்டாலும் இந்தக் கடைசிப் பகுதி சுருங்காது. மிச்சமாவது ஒரு மணிநேரம். அதுவும் வாரத்துக்கு ஒரு நாள் புல் வெட்டுகிற வண்டிக்கு!

பெரிய சார்ஜருக்கு வீட்டு மின்சாரமும் இடம் கொடுக்காது. அமெரிக்க வீடுகளில் சாதாரண பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர். தொடர்ந்து பல மணிநேரம் ஓடுவதற்கு அதில் எண்பது சதவீதம்தான் எடுக்க வேண்டும், அதாவது 12 ஆம்பியர், 1,440 வாட். 44 வோல்ட்டில் 25 ஆம்பியர் என்றால் 1,100 வாட். சார்ஜரின் இழப்பையும் சேர்த்தால் 1,300 பக்கம் வந்துவிடும். அந்த பிளக்கின் எல்லை அவ்வளவுதான். 40 ஆம்பியர் சார்ஜரை அதில் மாட்டி, மெல்லிய நீட்டிப்பு வயரில் இழுத்தால் வயர் சூடாகும், சர்க்யூட் பிரேக்கர் விழும்.

ஆகவே எத்தனை ஆம்பியர் என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இந்த சார்ஜர் எப்போது, எதைப் பார்த்து நிற்கிறது? கடையில் கிடைக்கிற நாலு வகையையும் இந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று: கடிகாரத்தைப் பார்த்து நிற்பது

என் வண்டியோடு வந்த பழைய சார்ஜர் இந்த வகை. டிரான்ஸ்ஃபார்மர், டையோடு, திருகி வைக்க ஒரு டைமர். அவ்வளவுதான். எத்தனை மணிநேரம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். பேட்டரி எவ்வளவு இறங்கியது என்று அதற்குத் தெரியாது. அரை மணிநேரம் புல் வெட்டிவிட்டு வந்து எட்டு மணிநேரத்துக்குத் திருகினால், மிச்ச நேரமெல்லாம் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. சார்ஜ் முடிகிற நேரத்தில் பேட்டரியின் வோல்ட்டும் சார்ஜரின் வோல்ட்டும் நெருங்கி நிற்கும். உள்ளே போகும் மின்னோட்டம் அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பொறுத்தது. அமெரிக்கத் தரநிலைப்படி வீட்டுக்கு வரும் மின்சாரம் 114-லிருந்து 126 வோல்ட் வரை இருக்கலாம். 120-க்குப் பதில் 126 வந்தால் நுழைவில் ஐந்து சதவீதம்தான் கூடுதல், ஆனால் அந்தச் சின்ன வித்தியாசம் இரண்டு மடங்குகூட ஆகலாம். கெப்பாசிட்டரோடு வரும் ஃபெரோரெசனன்ட் வகை இதை ஓரளவு சமாளிக்கும். சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் சமாளிக்காது.

இவ்வளவு குறை சொன்னாலும், இந்த சார்ஜரில் என் முதல் செட் பேட்டரி நன்றாகவே உழைத்தது. காரணம் சார்ஜர் இல்லை. அதை நம்பாமல் நான் அடிக்கடி காரேஜுக்குப் போய் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு: வோல்ட் ஏறுவது நின்றதைப் பார்த்து நிற்பது

கோல்ஃப் வண்டிகளுக்கு வந்த பல சார்ஜர்கள் இப்படி. வோல்ட் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் சமமானால், பேட்டரி நிரம்பிவிட்டது என்று முடிவு செய்யும். நல்ல யோசனை. ஆறு பேட்டரியும் ஒரே வயது, ஒரே ஆரோக்கியம் என்றால் அருமையாக வேலை செய்யும். ஒன்று மட்டும் கிழடாகி சூடேறிக்கொண்டிருந்தால், மொத்த வோல்ட்டின் போக்கே குழம்பிவிடும். சார்ஜர் நிற்காமல் பாதுகாப்பு டைமர் வரை ஓடும், அல்லது அவசரப்பட்டு நிற்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது இன்னும் இரண்டு. சில கோல்ஃப் வண்டி சார்ஜர்கள் வண்டிக்குள் இருக்கும் கணினி அனுமதித்தால்தான் தொடங்கும். 1970-ஆம் வருடத்து டிராக்டரில் கணினிக்கு எங்கே போவது? வேறு சில, பேட்டரி ரொம்ப இறங்கியிருந்தால் ஒன்றுமே இணைக்கவில்லை என்று நினைத்துத் தொடங்க மறுக்கும். அப்போது ஒவ்வொரு பேட்டரியையும் தனி 6 வோல்ட் சார்ஜரில் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் பிறகு இதை மாட்ட வேண்டியிருக்கும்.

மூன்று: மூன்று 12 வோல்ட் சார்ஜர்

மீன்பிடிப் படகுகளில் 36 வோல்ட் மோட்டார் உண்டு, மூன்று 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். அதற்கென்று மூன்று தனித்தனி வெளியீடுகள் கொண்ட சார்ஜர் விற்கிறார்கள். டிராக்டரின் ஆறு பேட்டரியை இரண்டிரண்டாகப் பிரித்து இதை மாட்டலாம். ஒவ்வொரு ஜோடியும் தனக்கு எப்போது போதுமோ அப்போது நிற்கும். விளக்குக்கும் மற்றதுக்கும் இரண்டு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்து வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. அந்த ஜோடி எப்போதும் மற்றவற்றைவிட அதிகம் இறங்கியிருக்கும், ஒற்றைச் சார்ஜருக்கு அது தெரியவே தெரியாது.

குறை என்னவென்றால், இவற்றில் பல ஒரு ஜோடிக்கு 10 ஆம்பியர்தான் தரும். 225-க்கு இது ஐந்து சதவீதத்துக்கும் கீழே. நேரம் ஆவதைப் பற்றிக் கவலையில்லை, ராத்திரி முழுக்க ஓடட்டும். கவலை வேறு. கடைசியில் குமிழி நன்றாக வந்தால்தான் செல்லுக்குள் ஆசிட் கலங்கும். இல்லாவிட்டால் கெட்டியான ஆசிட் அடியிலும் தண்ணீரான ஆசிட் மேலேயும் பிரிந்து நிற்கும், தட்டின் அடிப்பாகம் கெடும். மூன்று வெளியீடும் ஒன்றுக்கொன்று மின்தொடர்பு இல்லாதவை என்று கையேட்டில் தெளிவாக இருக்க வேண்டும். அப்படி இல்லாத மூன்று சார்ஜரை வரிசையில் மாட்டினால் ஷார்ட் ஆகும்.

நாலு: "ஸ்மார்ட்" சார்ஜர்

என் தவறு இங்கேதான். பழைய டைமரைக் கழற்றி வைத்துவிட்டுப் பல கட்டமாகச் சார்ஜ் செய்யும் நவீன சார்ஜர் ஒன்று வாங்கினேன். மாட்டியதும் சிவப்பு, நாலைந்து மணிநேரத்தில் பச்சை. எவ்வளவு நிம்மதி! தண்ணீர்கூட அதிகம் குறையவில்லை. "பாருங்க, எவ்வளவு மென்மையா சார்ஜ் பண்ணுது" என்று நண்பர்களிடம் பெருமை வேறு.

தண்ணீர் குறையாததுதான் முதல் எச்சரிக்கை. எனக்கு அது பெருமையாகத் தெரிந்தது. இரண்டாவது கோடையில் முக்கால் புல்தரை முடியும் முன்னே வண்டி திணற ஆரம்பித்தது. ரொம்ப நாளாக எடுக்காத ஹைட்ரோமீட்டரைத் தேடி எடுத்தேன். பச்சை விளக்கு எரிந்து ஒரு ராத்திரி முழுக்க ஓய்ந்த பேட்டரியில் அடர்த்தி 1.277 இருக்க வேண்டும். எனக்கு வந்தது 1.220. எழுபது சதவீதம் சொச்சம். சில செல்களில் அதற்கும் கீழே. சார்ஜர் தினமும் "முடிந்தது" என்று சொன்னது, பேட்டரி ஒரு நாளும் நிரம்பவில்லை.

வோல்ட்மீட்டரை மாட்டிப் பார்த்ததும் விஷயம் வெளிவந்தது. சார்ஜர் 42.3 வோல்ட்டில் நின்றுகொண்டிருந்தது. ஜெல் பேட்டரிக்கான அமைப்பு. மாற்றும் பொத்தான் பின்பக்கம், கையேட்டின் கடைசியில் ஒரு வரி. நான் படிக்கவில்லை. என் பேட்டரிக்கு வேண்டியது 44.1.

வித்தியாசம் அதோடும் நிற்கவில்லை. 44.1 என்பது 25 டிகிரி செல்சியஸுக்கான எண். ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் ஒரு செல்லுக்கு 0.005 வோல்ட் கூட்ட வேண்டும். 18 செல்லுக்கு அது 0.09. ஏப்ரல் மாதக் காரேஜ் 10 டிகிரி என்றால் இன்னும் 1.35 வோல்ட் வேண்டும். ஆக 45.4 தேவைப்படும் இடத்தில் 42.3 கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று வோல்ட் குறை. நிரம்பாமல் கிடக்கும் தட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிட்டால் பிறகு எந்தச் சார்ஜராலும் அதை முழுசாகக் கரைக்க முடியாது. கடைசி முயற்சியாகச் சமப்படுத்தும் சார்ஜ் கொடுக்கலாம் என்றால் அதற்குச் செல்லுக்கு 2.58-லிருந்து 2.7 வோல்ட், மொத்தம் 46 முதல் 48 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அந்த வசதியே அதில் இல்லை. ஒவ்வொன்றும் 28 கிலோ எடையுள்ள ஆறு பேட்டரியையும் பழைய ஈயத்துக்குப் போட்டேன்.

நிதானமாக யோசித்தால் சார்ஜர் பொய் சொல்லவில்லை. "எனக்குச் சொல்லப்பட்ட எல்லையை எட்டிவிட்டேன், மின்னோட்டம் குறைந்துவிட்டது" என்பதுதான் அந்தப் பச்சை விளக்கின் பொருள். அதைப் பேட்டரி நிரம்பியது என்று படித்தது நான். மோசமான டைமர் சார்ஜர் என்னைக் காவலுக்கு நிற்க வைத்தது. நல்ல சார்ஜர் என்னைத் தூங்க வைத்தது. வாங்கும் ஆலோசனைகளில் எனக்கு இருக்கிற பெரிய குறை இதுதான். "மாட்டிவிட்டு மறந்துவிடலாம்" என்பதை ஒரு நல்ல குணமாக எழுதுகிறார்கள். ஆசிட் ஊற்றும் பேட்டரியை மறக்கவே கூடாது.

யாரும் செய்யக் கூடாத ஐந்தாவது வகை

மின்வாகனப் பொழுதுபோக்குக்காரர்களிடையே 'பேட் பாய்' என்று செல்லமாக ஒரு சார்ஜர் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் தனிமைப்படுத்தல் இல்லாமல், சுவர் மின்சாரத்தை டையோடு பாலம் வழியாக நேரே பேட்டரிக்கு விடுவது. மலிவு, வேகம். டிராக்டரின் உடம்பு முழுக்க இரும்பு. பேட்டரி மேல் ஆசிட் ஈரம், காலடியில் ஈரப் புல். அந்த நேரத்தில் வண்டியைத் தொடுவது சுவர் மின்சாரத்தைத் தொடுவதற்குச் சமம். இதைச் சாமர்த்தியம் என்று யார் எழுதினாலும் நம்பாதீர்கள்.

காற்றோட்டமும் அப்படித்தான். சார்ஜ் முடிகிற கட்டத்தில் ஹைட்ரஜன் வரும். காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். காரேஜ் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். சார்ஜர் ஓடும்போது பேட்டரி டெர்மினலில் கிளிப்பைக் கழற்றாதீர்கள், சார்ஜரை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

லித்தியம் போட்டால் தீராதா?

தண்ணீர் ஊற்றும் வேலை தீரும், எடை குறையும். ஆனால் இந்த டிராக்டரைப் பலர் குளிர்காலத்தில் பனி தள்ளவும் வைத்திருக்கிறார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. சூடேற்றும் வசதியும், குளிரில் சார்ஜைத் தடுக்கும் பாதுகாப்புப் பலகையும் வேண்டும். பழைய ஈய-அமில சார்ஜரை அதில் மாட்டுவது வேறு ஆபத்து. சமப்படுத்தும் கட்டத்தில் அது 46-க்கு மேல் போகும், லித்தியத்தின் எல்லையோ 43.8.

ஈய-அமிலத்துக்கும் குளிரில் ஒரு பயம் உண்டு. நிரம்பிய பேட்டரி எந்தக் குளிரையும் தாங்கும். நன்றாக இறங்கிய பேட்டரியின் ஆசிட் கிட்டத்தட்டத் தண்ணீர்தான். உறைநிலைக்குச் சில டிகிரி கீழே போனாலே உறைந்து பெட்டி வெடிப்பு விடும். அதனால் பனி தள்ளி முடித்த அன்றே சார்ஜ் போட்டுவிட வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது?

நான் இப்போது வைத்திருப்பது 25 ஆம்பியர் சார்ஜர். ஆனால் அந்த எண்ணைக் கடைசியாகத்தான் பார்த்தேன். கேட்ட கேள்விகள் இவை:

1. இறுதி வோல்ட் எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லியிருக்கிறார்களா? அதை நான் மாற்ற முடியுமா?
2. வெப்பநிலை உணரி உண்டா? அதன் நுனி சார்ஜருக்குள் இருக்கிறதா, பேட்டரி மேல் ஒட்டுவதா? ஒட்டுவதுதான் வேண்டும்.
3. சமப்படுத்தும் சார்ஜை நானாகத் தொடங்கி, நானாக நிறுத்த முடியுமா?
4. பேட்டரி ரொம்ப இறங்கியிருந்தால் தொடங்குமா?
5. வெளியீடு சுவர் மின்சாரத்திலிருந்து முழுசாகப் பிரிந்திருக்கிறதா?
6. என் வீட்டு பிளக் தாங்குமா?

இந்த ஆறுக்கும் பெட்டியிலோ கையேட்டிலோ பதில் இல்லாத சார்ஜரை, எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும், நான் வாங்க மாட்டேன். பதில் எல்லாம் கிடைத்த பிறகும் ஹைட்ரோமீட்டர் வேண்டும். அதன் விலை சார்ஜர் விலையில் சின்னத் துண்டு. புது சார்ஜர் வாங்கியதும் முதல் பத்து சார்ஜுக்கு, பச்சை விளக்கு வந்த பின் வோல்ட்டையும், மறுநாள் காலை 18 செல்லின் அடர்த்தியையும் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை போதும்.

என் காரேஜ் சுவரில் இப்போது ஒரு பழைய காலண்டரின் பின்பக்கம் தொங்குகிறது. 18 கட்டம், மாதத்துக்கு ஒரு வரி. போன மாதம் நாலாவது பேட்டரியின் நடு செல் 1.255. மற்றதெல்லாம் 1.270-க்கு மேல். சார்ஜர் அன்றைக்கும் பச்சைதான் காட்டியது. இந்த சனிக்கிழமை சமப்படுத்தும் சார்ஜ் போட்டுவிட்டு, மணிக்கு ஒருமுறை போய் அந்த ஒரு செல்லைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.